ஒரே நட்சத்திரம், இரண்டு பேர்

அன்புள்ள கதிர்,

நீ வத்தேகமவில், நான் அம்பிட்டியவில். நடுவில் கண்டி டவுனில் ஒரு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தூரத்துக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா, அதுவும் கைபேசி சட்டைப் பையில் இருக்கும்போது, என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் வாயால் ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் ஏறிவிடும், நான்காவதில் நீ மௌனமாகிவிடுவாய், ஐந்தாவதில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். அவள்தான் சொன்னாள், "நீங்க பேசுனா சண்டையில முடியும். எழுதிக் குடுங்க. எழுதுறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்று. மாநகர சபையில் முப்பத்து மூன்று வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பமும் முறைப்பாடும் எழுதிக் கொடுத்த கை இது. எனக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் காலையிலிருந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறது.

மேல்மாடி அறையில் மேசையும் கதிரையும் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்று சொன்னாயே, அதே அறைதான். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் நாம் எல்லோரும் டவுன் முருகன் கோவிலுக்குப் போகிறோம் என்று உனக்குத் தெரியும். உனக்கும் சுபாவுக்கும் கல்யாணம் ஆகும் முன் உன்னை முருகனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். ஒரு கொத்துத் தவிடு கொடுத்து. கலகெதரப் பக்கம் நெல் மில்லிலிருந்து உன் தாய்மாமன் தவிடு கொண்டு வந்து கொடுத்துவிட்டார். அம்மா அதைப் புடைத்து, மஞ்சள் துணியில் கட்டி, சாமி அலுமாரியில் வைத்திருந்தாள். "வைத்திருந்தாள்" என்று எழுதுகிறேன், கவனித்தாயா? நேற்று அதை எடுத்து வெளியே கொண்டுபோய்விட்டாள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்த பிறகு வெள்ளிக்கிழமை நீ கோவிலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வராமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை மறைத்து எழுதினால் இதுவும் நான் நிரப்பிய படிவங்களில் ஒன்றாகிவிடும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிறந்த அன்று ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் விசாகந்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "பிள்ளைக்கும் விசாகம்." அப்பனும் பிள்ளையும் ஒரே நட்சத்திரமானால் இருவரில் ஒருவருக்கு ஆகாது என்பது நம் குடும்பங்களில் இன்றைக்கும் இருக்கிற பயம். அதற்குப் பரிகாரமும் உண்டு. பிள்ளையை முருகனுக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும். கருவறைப் படியில் வெறுந்தரையில் கிடத்தி, "இது உன் பிள்ளை" என்று அப்பன் மூன்று தரம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொடிமரம் வரைக்கும் நடந்து போக வேண்டும். ஐயர் பிள்ளையைத் தூக்கித் தாய்மாமன் கையில் கொடுப்பார். அன்றிலிருந்து அது முருகன் பிள்ளை, பெற்றவர்கள் வளர்த்துக் கொடுப்பவர்கள். கல்யாணத்துக்கு முன் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினால் கணக்குத் தீர்ந்தது. இதையெல்லாம் நீ ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாய். சின்ன வயதில் ஏதாவது சேட்டை செய்துவிட்டு, "நான் முருகன் பிள்ளை, என்னைய அடிக்க ஒங்களுக்கு உரிமை இல்ல" என்று மேசைக்கு அடியிலிருந்து வாதாடியவன்தானே நீ.

மற்றவர்கள் பயந்தார்கள். எனக்கென்னவோ உள்ளுக்குள் பெருமை. ஒரே நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம், நானும் அவனும் ஒன்று என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு அத்வைதப் பைத்தியம். ஒலிநாடாவில் சொற்பொழிவு கேட்டுக் கேட்டு, இரண்டு என்பதே இல்லை, எல்லாம் ஒன்று என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரிய ஞானம்தான், குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் பார். கடவுளும் நானும் ஒன்று என்பது என் அன்றாடத்தில் எங்கேயும் தட்டுப்படவில்லை. நானும் நீயும் ஒன்று என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கோவிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். "ரெண்டு பேருக்கும் விசாகந்தான் ஐயரே, ஒரே அர்ச்சனையாப் பண்ணுங்க" என்பேன். கடையில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நான் பதில் சொல்வேன். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று உன்னைக் கேட்டால் நான் பதில் சொல்வேன். ஒரு தரம் அந்த டாக்டர் அம்மா, "வயிறு ஒங்களுக்கா வலிக்குது?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். நீ வலியோடு சிரித்தாய்.

குலசிங்கம் மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்து மனிதர், தபால் திணைக்களத்தில் என்னைப் போலவே ஒரு கிளார்க், நம் தெருவில் பதினெட்டு வருடம் குடியிருந்தார். உனக்குப் பனங்கட்டி கொடுத்த மாமா. அவரை நீ பனங்கட்டிக்காக நினைத்துக்கொள்கிறாய், நான் அவர் வாய்க்காக நினைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். அவர் சைவ சித்தாந்தம் கரைத்துக் குடித்தவர். நான் ஒன்று என்பேன், அவர் இரண்டு என்பார். சில நாள் குரல் கேட்டுக் குளக்கட்டில் உட்கார்ந்திருக்கிற சோடிகள் எழுந்து போய்விடும்.

ஒரு நாள் நடுவழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் குடை இல்லை. அவர் குடைக்குள் நுழைந்தேன். நுழைந்தும் வாயை மூடவில்லை. முடிவில் உயிர் கடவுளோடு கரைந்து ஒன்றாகிவிடும், மிச்சம் எதுவும் இருக்காது என்று சத்தம் போட்டுக்கொண்டே நடந்தேன். அவர் நின்றார்.

"ஐசே, இப்ப எத்தினை குடை?"

"ஒண்ணு."

"நனையாமல் நிக்கிற ஆக்கள் எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"பிடிச்சிருக்கிறது ஆர்?"

"நீங்கதான்."

"அவ்வளவுதான் காணும் விசயம். சேர்ந்து நிக்கிறம், பிரிய ஏலாது, பிரிஞ்சால் நீர் நனைஞ்சு போவீர். அதுக்காக நீர் குலசிங்கம் ஆகிவிடுவீரோ? நான் பிடிச்சிருக்கிறன், நீர் நிக்கிறீர். இதிலை உமக்கு என்ன குறை?"

வாதத்தில் தோற்றால் எனக்குக் கோபம் வரும், உனக்குத் தெரியும். அடுத்த நாள் வேண்டுமென்றே என் சொந்தக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பழைய சிந்தனையை முதன்முறையாக மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. அதை உனக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படி. பரீட்சை வைக்க மாட்டேன்.

இரண்டு என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. துவைதம் என்று பெயர் பெற்ற வைணவ மரபு, கடவுள் வேறு, உயிர் வேறு, உலகம் வேறு, ஓர் உயிரும் இன்னோர் உயிரும்கூட வேறு என்று கறாராகப் பிரித்து வைக்கிறது. நம் சைவ சித்தாந்தம் இறைவன், உயிர், உயிரைக் கட்டியிருக்கிற கட்டு என்று மூன்றைச் சொல்கிறது. மூன்றும் என்றைக்கும் உள்ளவை. கட்டு தளர்ந்து உயிர் இறைவனைச் சேர்ந்த பிறகும் அது உயிராகவேதான் இருக்கிறது, கரைந்து காணாமல் போவதில்லை. பொருளால் வேறு, பிரியாமல் இருப்பதால் உடன். குடைக்குள் இரண்டு பேர். இதில் எவ்வளவு பெரிய மரியாதை இருக்கிறது என்று யோசித்துப் பார். உன்னைப் போல ஒரு சின்ன உயிரை, என்னைப் போல ஒரு முன்கோபி உயிரை, கடவுள்கூட விழுங்கிவிடுவதில்லை. கும்பிட ஒருவர், கும்பிடு வாங்க ஒருவர் என்று கடைசி வரைக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரே என்றால் "நீ" என்று யாரை யார் கூப்பிடுவது? உலகத்தில் இத்தனை பதிகமும் பஜனையும் அழுகையும் யாருக்காக?

அதைவிட என்னை உலுக்கிய ஒன்று உண்டு. சித்தாந்தத்தில் கடவுள் உயிரைப் படைக்கவில்லை! முதல் தரம் கேட்டபோது நான் குலசிங்கத்தோடு அரை நாள் சண்டை பிடித்தேன். ஆனால் அவர்கள் சொல்வது அதுதான். உயிர் அவரைப் போலவே தொடக்கம் இல்லாதது. அது இருட்டில் கட்டுண்டு கிடக்கிறது. அவர் இரங்கி அதற்கு உடம்பைக் கொடுக்கிறார், உலகத்தைக் கொடுக்கிறார், நடந்து பழகு என்று இடம் கொடுக்கிறார். உயிரை மட்டும் "நான் உண்டாக்கினேன்" என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை. கதிர், ஆண்டவனே சொல்லாத ஒன்றை நான் உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? "நான் பெத்தவன், எனக்குத் தெரியாதா" என்று வாரத்துக்கு இரண்டு தரமாவது சொல்லியிருப்பேன். நான் உனக்குக் கொடுத்தது உடம்பில் பாதியும் ஒரு வீடும் மூன்று வேளைச் சாப்பாடும். அவ்வளவுதான். உள்ளே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு ஒருவன். அவன் எனக்கு முன்பே எங்கேயோ இருந்தவன்.

இவ்வளவையும் படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்த அதே வருடத்தில்தான் உன் பல்கலைக்கழக விண்ணப்பம் வந்தது. நீ ஒரு துண்டுத் தாளில் உன் விருப்ப வரிசையை எழுதிக் கொடுத்தாய். முதலாவது விவசாயம். இரண்டாவது மருந்தியல். நான் படிவத்தை அழகாக நிரப்பினேன், என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நிரப்பும்போது ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். மாமரத்தடியிலும் மண்ணிலும் நின்று என்ன சம்பாதிக்கப் போகிறான், மருந்து படித்தால் வெள்ளைக் கோட்டு, மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தாளை மடித்து, கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி உன் முன்னால் வைத்தேன். அலுவலகத்தில் அவசரக்காரர்களிடம் அப்படித்தான் கையெழுத்து வாங்குவேன். நீ ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையைத் துடைத்துவிட்டு, படிக்காமல் போட்டாய். அப்பாதானே என்று போட்டாய். அந்த முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது, அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருந்தியல் கிடைத்தது. வெட்டுப்புள்ளி அந்த வருடம் விவசாயத்துக்குக் கூடிவிட்டதாக்கும் என்று சொன்னேன். அது முழுப் பொய். இரண்டு வருடம் படித்தாய். மூன்றாவது வருடம் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. நான் கத்தினேன். பல மாதம் கழித்து எதையோ தேடி என் அலுமாரியைத் திறந்தபோதுதான் கண்டேன். நான் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கிறவன் அல்லவா? உன் விண்ணப்பத்தின் நகலும் நீ எழுதிக் கொடுத்த துண்டுத் தாளும் ஒன்றின் மேல் ஒன்றாக, விளிம்பு சேர்த்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் அப்படி வைக்கவில்லை. நீ பார்த்துவிட்டாய் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். நீ என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் ஒரு குத்தல் பேச்சுக்கூட இல்லை. டிப்ளோமா படித்தாய், வத்தேகமவில் ஒரு துண்டு நிலத்தை எடுத்தாய், மிளகுக் கொடியும் கறிமிளகாய் நாற்றும் போட்டாய். போன வருடம் உன்னைப் பார்க்க வந்தபோது சந்தையில் வழி கேட்டேன். ஒரு சிங்களப் பெரியவர், "அபே கதிர் மாத்தயாவா?" என்று கேட்டுவிட்டுக் கடையை மகளிடம் விட்டுவிட்டு என்னோடு அரை மைல் நடந்து வந்து வழி காட்டினார். நம்முடைய கதிர் ஐயாவா என்று கேட்டார் அவர். எனக்கு முன்னால் உன்னை நம்முடையவன் என்று சொல்கிற ஓர் ஊரே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நான் உன்னைப் பார்த்து வியந்து நிற்கிறேன் மகனே. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தெரியவில்லை.

தெரிந்தும் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்து மேல்மாடி கட்ட ஆள் பிடித்தேன். உன்னைக் கேட்கவில்லை, சுபாவைக் கேட்கவில்லை. பௌர்ணமிப் போயா லீவுக்கு நீ வந்தபோது கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். நீ ஜன்னலைத் திறந்து பார்த்தாய், நல்லாருக்கு என்றாய். கீழே வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான், "சுபாவும் நானும் நாத்துமேடைக்குப் பக்கத்துலயே வீடு பார்த்துட்டோம்பா" என்றாய். எனக்குக் கண்மண் தெரியவில்லை. "அப்ப நீ வேற, நான் வேறயா?" என்று கத்தினேன். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"ஆமாப்பா, வேறதான். வேறயா இருந்தாத்தானே ஒங்களப் பார்க்க வர முடியும்."

நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைத்திருப்பாய். கோபம் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. இருபது வருடம் நான் படித்தேன், வாதாடினேன், கோடு போட்டுப் போட்டுப் புத்தகத்தைக் கிழித்தேன். அந்த முழு விஷயத்தையும் நீ தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாய். குலசிங்கம் அந்த இடத்தில் இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பார். நான் அவகாடோ மரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அதோடுதான் இத்தனை வருடம் மூடி வைத்திருந்தது மேலே வந்தது. இப்போது சொல்கிறேன். உனக்கு நாற்பத்தோராவது நாள், கோவில். உன் அம்மாவும் தாய்மாமனும் வழக்கப்படி கொடிமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றார்கள். திரை போட்டிருந்தது. ஐயர் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விபூதித் தட்டு எடுக்கத் திரைக்கு உள்ளே போனார். நான் உன்னைப் படியில் கிடத்தினேன். கல் குளிர்ந்திருக்கும், நீ உடம்பைச் சுருக்கினாய். "இது உன் பிள்ளை" என்றேன். இன்னொரு தரம் "இது உன் பிள்ளை" என்றேன். கையை எடுக்கப் பார்த்தால் என் சுட்டுவிரல் உன் பிடிக்குள் இருந்தது. மூன்றாவது தரம் வாயைத் திறந்தேன். "இது என் பிள்ளை" என்று வந்தது. நாக்குக் குழறி வரவில்லை கதிர், நினைத்துத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு உன்னை வாரி எடுத்துக்கொண்டேன். ஐயர் வெளியே வந்து, "சொல்லியாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். "நடந்து போகலியே? நாந்தானே எடுத்துக் குடுக்கணும்?" என்றார். "அழுதான் ஐயரே, அதான் தூக்கிட்டேன்" என்றேன். நீ அழவே இல்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விபூதி பூசிவிட்டார்.

ஆக, உன்னை முருகனுக்கு நான் கொடுக்கவே இல்லை. கொடுக்காத பிள்ளையைத் திரும்ப வாங்கத்தான் அலுமாரியில் தவிடு இருந்தது.

இதை முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சேலைக்கு ஃபோல்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சோற்றைப் போட்டு மூடி வைத்தாள், கூப்பிடவில்லை. நேற்று காலையில் என் முன்னால் வந்து நின்றாள். "ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் போயி முருகன்கிட்ட சண்டை போட்டேன். ஒம்புள்ள, நீ பார்த்துக்கன்னு அதட்டுனேன். குடுக்காத புள்ளைக்கு அவர அதட்டுனேனே! எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்குது தெரியுமா?" என்றாள். பிறகு, "ஆனா ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கிட்டாரே" என்றாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எழுதிக் கொடுங்க என்றாள். தவிட்டை எடுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தாள்.

குலசிங்கத்துக்கு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "நீர் குடுக்காட்டிலும் முருகன்ரை பிள்ளைதான் ஐசே. உம்மட்டை இருந்து வாங்கித்தான் அவர் வைச்சிருக்க வேணுமெண்டில்லை. குடுக்கிறது பிள்ளைக்காக எண்டே நினைச்சீர்? உம்முடைய கைப்பிடி கழரத்தான் அதைச் செய்யச் சொன்னவை" என்றார். நான் இனி என்ன செய்வது என்று கேட்டேன். "ஓம், மூண்டாந்தரம் மிச்சமிருக்குதெல்லோ, போய்ச் சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

அதனால் வெள்ளிக்கிழமை உன்னை வாங்கப் போகவில்லை. கொடுக்கத்தான் வருகிறேன். ஐயரிடம் பேசிவிட்டேன். பழைய ஐயர் இல்லை, அவர் மகன். இப்படி ஒரு கேஸ் இதுவரை வந்ததில்லை என்றார். மாப்பிள்ளையைப் படியில் கிடத்த முடியாது, நின்றால் போதும் என்று ஒத்துக்கொண்டார். தவிடு வேண்டாம், திரும்ப வாங்குவது வேண்டாம், கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அர்ச்சனைக்கு இரண்டு சீட்டு எடுக்கிறேன். உன் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று. நட்சத்திரத்தை நீயே உன் வாயால் சொல். மேல்மாடி அறையை நீயும் சுபாவும் வருகிற நாட்களுக்கு வைத்திருப்பேன், வராத நாட்களில் வாடகைக்கு விடச் சொல்லி அம்மா இப்போதே நச்சரிக்கிறாள்.

நீ வந்தால் நடக்கப்போவது இதுதான். நீ படியில் நிற்பாய். நான் மூன்றாவது தரத்தைச் சொல்வேன். இந்த முறை சரியாகச் சொல்வேன். பிறகு கொடிமரம் வரைக்கும் நடப்பேன், இருபது அடிகூட இருக்காது. திரும்பிப் பார்க்க மாட்டேன், சத்தியம். உன்னைத் தூக்கி யார் கையிலும் கொடுக்க வேண்டியதில்லை, உனக்கு நன்றாக நடக்கத் தெரியும். சுபாவோடு தெற்கு வாசலால் போய்விடலாம், கோபம் தீராவிட்டால் அப்படியே போ, நான் புரிந்துகொள்வேன். கொடிமரத்தடியில் ஒரு மனிதன் உனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருப்பான். அவனைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் ஒரு தரம் கூப்பிடு. நீ கூப்பிட்டால் மட்டும்தான் திரும்புவேன்.

அப்பா